எழுத ஒன்றும் தோன்றாதபோது: எளிய பயிற்சிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதையோ கவிதையோ எழுதத் தொடங்குகிறவர்களும், எழுதிக்கொண்டிருந்து நடுவில் நின்றுபோனவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. தேவையானவை ஒரு நோட்டு, ஒரு பேனா, மணி பார்க்க ஒரு கடிகாரம். பெரும்பாலான பயிற்சிகள் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

எழுதத் தோன்றுவது தானாக வர வேண்டியதில்லையா? பயிற்சி செய்து வரவழைக்க முடியுமா?

"எதைப் பற்றி எழுதலாம்?" என்று உட்கார்ந்தால் உலகம் மொத்தமும் எதிரே வந்து நிற்கும். எதை எடுப்பது என்று தெரியாமல் பேனா நின்றுவிடும். பயிற்சி அந்த உலகத்தைக் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கித் தருகிறது. "அம்மாவைப் பற்றி எழுது" என்றால் பத்துப் பேரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுவார்கள். "அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்ததைப் பற்றி ஆறு வரி" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கு ஐந்து ரூபாய் நாணயம் வரும், இன்னொருவருக்குப் பீரோ சாவி, வேறொருவருக்கு மடித்த பஸ் டிக்கெட். அந்த டிக்கெட் எந்த ஊருக்கு என்று யோசிக்கும்போதே கதை தொடங்கிவிட்டது.

நம் புலவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஈற்றடியைக் கொடுத்துவிட்டு வெண்பாவின் மற்ற அடிகளைப் பாடச் சொல்வது பழைய பழக்கம். வாசல் குறுகலாக இருந்ததால் பாட்டு வராமல் போகவில்லை, வந்தது.

முதல் பயிற்சியாக எதைச் செய்வது?

பத்து நிமிடம் நிறுத்தாமல் எழுதுவது. அமெரிக்காவில் எழுத்துக் கற்பித்த பீட்டர் எல்போ 1973இல் இதைப் பரவலாக்கினார். இன்று உலகமெங்கும் எழுத்துப் பட்டறைகளில் முதல் நாள் பயிற்சி பெரும்பாலும் இதுதான்.

கடிகாரத்தில் பத்து நிமிடம் வையுங்கள். ஒரு தொடக்க வாக்கியத்தை எழுதுங்கள்: "அந்தக் கதவு எப்போதும் சரியாகச் சாத்தாது", "கடைசியாக அவர் சாப்பிட்ட இடம்", "எங்கள் தெருவில் யாரும் பேசாத விஷயம்" என்று ஏதாவது ஒன்று. பிறகு பேனா தாளைவிட்டு எழக் கூடாது. அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது, மேலே எழுதியதைத் திரும்பிப் படிக்கக் கூடாது. ஒன்றும் வரவில்லை என்றால் கடைசிச் சொல்லையே திரும்பத் திரும்ப எழுதுங்கள். மூன்றாவது தடவையில் கை சலித்துப்போய் வேறு எதையாவது எழுதத் தொடங்கும். பத்து நிமிடத்தில் நோட்டில் ஒரு பக்கம் நிரம்பினால் வேகம் சரி.

இரண்டு இடங்களில் இது கெடும். மூன்றாம், நான்காம் நிமிடத்தில் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோன மாதிரி இருக்கும். பெரும்பாலானவர்கள் அங்கே எழுந்துவிடுகிறார்கள். மேலோட்டமான சரக்கு தீர்ந்ததற்கு அடையாளம் அது. வேண்டியது ஆறாம் நிமிடத்துக்குப் பிறகுதான் வரும். இன்னொன்று, போனில் எழுதுவது. விசைப்பலகை அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எல்லோரும் எழுதும் சொல்லைத்தான் அது கொடுக்கும். இந்தப் பயிற்சி ஒன்றையாவது கையால் செய்யுங்கள்.

எழுதியதை அன்றைக்கே படிக்காதீர்கள். ஒரு வாரம் கிடக்கட்டும்.

பேச்சுத் தமிழில் எழுதுவதா, எழுத்துத் தமிழிலா?

நிறுத்தாமல் எழுதும் பயிற்சிக்கு, எது முதலில் வருகிறதோ அது. பேனா எடுத்ததும் பள்ளிக்கூடக் கட்டுரை நடை வந்து ஒட்டிக்கொள்வது தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே உள்ள தொல்லை. "கதிரவன் மேற்கில் மறைந்தான்" என்று எழுதிவிட்டால் அடுத்த வரியிலும் அந்தப் பள்ளிக்கூட ஆசிரியரே பேசுவார். அப்படி நேர்ந்தால் அடுத்த வரியை "டேய், கேளு" என்றோ "இந்தாங்க, ஒரு விஷயம்" என்றோ தொடங்குங்கள். நடை தானாக இறங்கிவிடும்.

கதையாக்கும்போது வேறு கணக்கு. சொல்பவர் எழுத்துத் தமிழிலும் பாத்திரங்கள் பேச்சுத் தமிழிலும் இருப்பது பரவலான ஏற்பாடு. எந்த ஊர்ப் பேச்சு என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். நாகர்கோவில்காரர் திடீரென்று கோயம்புத்தூரில் பேசினால் வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். தெரியாத வட்டார வழக்கைச் சினிமாவில் கேட்டதை வைத்து எழுதுவதைவிட, ஊர் தெரியாத பொதுப் பேச்சில் எழுதுவது மேல்.

என் வாழ்க்கையில் எழுதும்படி ஒன்றுமே நடக்கவில்லை. என்ன செய்வது?

ரேஷன் கடை வரிசையில் நில்லுங்கள். பஸ் ஸ்டாண்ட், அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பகுதி, மாவு மில், சலூன் எதுவும் சரிதான். மனிதர்கள் காத்திருக்கும் இடமாக இருந்தால் போதும். காத்திருக்கும்போது மனிதர்கள் தங்களை மறந்து எதையாவது செய்துகொண்டிருப்பார்கள்.

இருபது நிமிடத்தில் பதினைந்து வரி எழுதுங்கள். கண், காது, மூக்கு, தோலுக்குப் பட்டது மட்டும். ஐந்து வரியாவது வாசனை, தொடுகை, சத்தம் பற்றி இருக்க வேண்டும். விட்டால் கண் ஒன்றே எல்லாவற்றையும் எழுதிவிடும். "பாவம்", "அழகான", "சோகமான", "ஏழை" ஆகிய சொற்களுக்குத் தடை.

தடை ஏன் என்பது எழுதிப் பார்த்தால் தெரியும். "ஒரு ஏழைக் கிழவி சோகமாக நின்றாள்" என்ற வரியில் பார்க்க ஒன்றும் இல்லை. தடை போட்டால் இப்படி வரும்: "கிழவி கார்டைப் பாலிதீன் கவரில் போட்டு, கவரை இன்னொரு கவரில் போட்டிருந்தாள். பில் போடுகிறவர் கேட்டதும் இரண்டையும் பிரிக்க நேரமானது. பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டினார்." ஏழ்மையும் சங்கடமும் அந்தச் சொற்கள் இல்லாமலே வந்துவிட்டன. இரண்டு கவர் எதற்கு என்ற கேள்வி வேறு மிச்சம் நிற்கிறது. மழையில் ஒரு தடவை கார்டு நனைந்ததா? அதற்குப் புதுக் கார்டு வாங்க எத்தனை நடை நடந்தாள்?

வீட்டுக்கு வந்ததும் பதினைந்து வரியில் கேள்வி எழுப்பும் ஒரு வரியை மட்டும் கோடிடுங்கள். மற்ற பதினான்கும் போகட்டும்.

சம்பந்தமில்லாத இரண்டு சொற்களை இணைத்து எழுதச் சொல்கிறார்கள். செய்தால் செயற்கையாக வருகிறதே?

இது இத்தாலியச் சிறுவர் எழுத்தாளர் ஜான்னி ரோதாரி 1973இல் விளக்கிய முறை. அவர் கொடுத்த ஜோடி நாயும் அலமாரியும். நாயோடு அலமாரி, நாயின் அலமாரி, அலமாரிக்குள் நாய் என்று இரண்டையும் வெவ்வேறு விதமாகக் கட்டிப் பார்க்கச் சொன்னார். பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டும் வேலையை விட்டுவிட்டு, இரண்டு சொல்லும் எங்கேயாவது வரும்படி ஒரு கதை எழுதிவிடுகிறார்கள். செயற்கைத்தனம் அங்கேதான் நுழைகிறது.

தமிழில் இந்தக் கட்டுமானம் இன்னும் எளிது, நம்மிடம் வேற்றுமை உருபுகள் இருக்கின்றன. அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை திறந்து, விரல் விழும் இடத்தில் உள்ள பெயர்ச்சொற்களை எடுங்கள். கருத்துச் சொல் விழுந்தால் தள்ளிவிடுங்கள், தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாக வேண்டும். உப்பு, குடை என்று விழுந்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு உருபாகப் போட்டுப் பாருங்கள்.

உப்பைக் குடையால்... உப்பால் ஆன குடை. உப்புக்குக் குடை. குடையின் உப்பு. குடையில் உப்பு. உப்போடு குடை.

எட்டுப் பத்துச் சேர்க்கைகள் கிடைக்கும். பாதி வெறும் வேடிக்கை. "உப்பால் ஆன குடை" சிறுவர் கதைக்கு ஆகும்: மழை வந்தால் கரைந்துபோகும் குடையை யார் வாங்குவார்கள்? ஆனால் "உப்புக்குக் குடை" சட்டென்று தூத்துக்குடி உப்பளத்துக்கு இழுத்துப் போகிறது. அங்கே உப்புக் குவியலை மழையிலிருந்து காக்கப் பனையோலை வேய்வதும் தார்ப்பாய் போடுவதும் வழக்கம். உப்புக்குக் கூரை உண்டு. வெள்ளை கண்ணைக் கூசவைக்கும் அந்த வெயிலில் பாத்தியில் நிற்கிறவருக்கு? "குடையில் உப்பு" இன்னும் நெருக்கமானது. கம்பி துருப்பிடித்து, துணியில் வெள்ளைப் பூத்த ஒரு குடை வீட்டு மூலையில் சாத்தியிருக்கிறது. உப்பளத்தில் வேலை பார்த்தவர் இப்போது இல்லை, குடையை யாரும் தூக்கிப் போடவில்லை. கதை வந்துவிட்டது, இனி எழுத வேண்டியதுதான்.

ஒரு ஜோடிக்கு ஐந்து நிமிடம் போதும். மூன்று ஜோடி பார்த்தும் ஒன்றும் அசையவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மேசை, நாற்காலி போல ஏற்கெனவே பழகிய ஜோடி விழுந்தால் மாற்றிக்கொள்ளலாம். தூரம் இருந்தால்தான் நடுவில் ஏதாவது பிறக்கும்.

இடத்தை வைத்துக் கதை தொடங்க முடியுமா?

தமிழில் இதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு படிவமே இருக்கிறது: முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் உள்ளவை கருப்பொருள். தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்று தொல்காப்பியம் எட்டை எண்ணிச் சொல்லிவிட்டு, இன்னும் சேர்த்துக்கொள்ள இடமும் விடுகிறது. மனித உறவின் நிலை உரிப்பொருள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததால் நாம் இதை வெறுத்துவிட்டோம். எழுதுகிறவருக்கு இது நிரப்ப வேண்டிய ஒரு தாள்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, சின்ன இடம் ஒன்றை எடுங்கள். "சென்னை" கூடாது; "மேம்பாலத்தடியில் சாவி செய்பவரின் பெட்டிக்கடை" என்ற அளவு இருக்கலாம். பொழுதைச் சரியாகச் சொல்லுங்கள்: எந்த மாதம், வைகறையா நண்பகலா மாலையா யாமமா. பிறகு பழைய எட்டையும் இன்றைய பொருளால் நிரப்புங்கள். தெய்வம்: தகரத்தில் ஒட்டிய மாதா படமும் அதன் பக்கத்தில் முருகனும். உணா: பார்சல் டீ, காகிதத்தில் சுற்றிய வடை. மா: தூணில் உரசும் மாடு. மரம்: பாலத்து வெடிப்பில் முளைத்த அரசங்கன்று. புள்: பாலத்தடியில் அடையும் புறா. பறை: மேலே லாரி போகும்போது அதிரும் இரும்பு. செய்தி, அதாவது தொழில்: சாவியை அராவுவது. யாழ்: யார் போனிலோ பழைய பாட்டு.

உரிப்பொருளை மட்டும் காலியாக விடுங்கள். பயிற்சியின் உயிர் இங்கேதான். "பிரிவைப் பற்றி எழுதப் போகிறேன்" என்று முதலில் முடிவு செய்தால் மற்றவை எல்லாம் அதற்கு அலங்காரமாகிவிடும். நிரப்பிய பட்டியலை இரண்டு தடவை படித்துவிட்டு, அந்த நேரத்தில் அங்கே யார் வந்து நிற்பார், எந்தப் பூட்டுக்குச் சாவி கேட்பார் என்று மட்டும் யோசியுங்கள். செத்துப்போன அப்பாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பிள்ளைகள் சேர்ந்து வரலாம். ஒருவன் மட்டும் தனியாக, யாருக்கும் தெரியாமல் வரலாம்.

இடம் தெரியாமல் எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டால், கருப்பொருள் காட்டிக்கொடுத்துவிடும். எட்டில் ஐந்தைக்கூட நிரப்ப முடியவில்லை என்றால் அந்த இடம் உங்களுக்குத் தெரியாது. நேரில் ஒரு தடவை போய்வாருங்கள், அல்லது வேறு இடம் எடுங்கள்.

உணர்ச்சியைச் சொல்லாமல் காட்டு என்கிறார்கள். எப்படிப் பழகுவது?

இதற்கும் தொல்காப்பியமே கை கொடுக்கும். உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிக்கு அதில் மெய்ப்பாடு என்று பெயர். மெய்ப்பாடு எட்டு: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நந்நான்கு காரணம் உண்டு, மொத்தம் முப்பத்திரண்டு. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. மருட்கை என்கிற வியப்புக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். சிறுமையைக் கண்டும் வியப்பு வரும் என்று எண்ணியிருக்கிறார்களே, கவனியுங்கள்.

முப்பத்திரண்டையும் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். ஒன்றை எடுங்கள். "இழிவுபடுத்தப்பட்டதால் வந்த அழுகை" என்று வந்தால், அழுகை, கண்ணீர், அவமானம், மனம், இதயம் ஆகிய ஐந்து சொல்லும் இல்லாமல் எட்டு வாக்கியம் எழுதுங்கள். கை, பொருள், பேச்சு ஆகியவற்றை வைத்தே ஓட்ட வேண்டும்.

எல்லோரும் செய்யும் தவறு, தடை செய்த சொல்லுக்குப் பதில் இன்னொரு தேய்ந்த சொல்லை வைப்பது. "நெஞ்சு கனத்தது", "தொண்டை அடைத்தது", "விழிகள் பனித்தன" எல்லாம் அதே சரக்கின் வேறு பொட்டலம். விருந்தில் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவர் வீட்டுக்கு வந்து, பசியில்லை என்று சொல்லிவிட்டு, செருப்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருக்கிறார் என்று எழுதினால் போதும்.

ஒரு நிகழ்ச்சி கிடைத்துவிட்டது, ஆனால் தட்டையாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

சொல்பவரை மாற்றுங்கள். சங்க காலக் காதல் பாட்டான அகப்பாட்டில் கவிஞர் நேரே வந்து பேசமாட்டார். தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், வளர்த்த செவிலி, பெற்ற நற்றாய், தலைவனின் தோழனான பாங்கன், வழியில் கண்டோர் பேசுவார்கள். ஒரே சேதி, வாய் மாறினால் வேறு சேதி.

பெண் வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்பது நிகழ்ச்சி. இதை அவளே, அவள் தோழி, அம்மா, வளர்த்த சித்தி, விடியற்காலை பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த கண்டக்டர் என்று ஐந்து பேர் வாயில், ஆளுக்கு நூறு சொல்லில் எழுதுங்கள். மொத்தம் ஒரு மணி நேரம் ஆகும். பெரும்பாலும் ஐந்தாவதுதான் வெல்கிறது. கண்டக்டருக்கு அவள் யார் என்று தெரியாது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிச் சில்லறை வாங்காமல் இறங்கிவிட்டாள் என்பதுதான் தெரியும். தெரியாதவர் சொல்லும்போது வாசகருக்கு வேலை கிடைக்கிறது.

அகப்பாட்டின் இன்னொரு விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: யாருக்கும் பெயர் கிடையாது. பெயர் இல்லாமல் எழுதினால் உறவுச் சொல் வேலை செய்யத் தொடங்கும். "மல்லிகா வந்தாள்" என்பதைவிட "மதினி வந்தாள்" என்பதில் ஒரு அண்ணன், ஒரு கல்யாணம், ஒரு வீட்டுக் கணக்கு எல்லாம் கூடவே வந்துவிடும்.

சில எழுத்துகளை விலக்கி எழுதுவது போன்ற கட்டுப்பாட்டுப் பயிற்சிகள் வெறும் வித்தை காட்டுவது இல்லையா?

அதுவே நோக்கமானால் வித்தைதான். பயிற்சிக்குப் பயன்படுத்தினால் கை பழகிய தடத்திலிருந்து வெளியே வர உதவும். பிரான்சில் 1960இல் தொடங்கிய ஊலிப்போ என்ற எழுத்தாளர் குழுவினர் இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளை வைத்தே எழுதினார்கள். நம்மிடம் அதற்கு முந்நூறு ஆண்டு முன்பே உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டகம் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் ஒரு அந்தாதியையே அப்படிப் பாடினார்.

முழு நிரோட்டகத்தில் இதழ் குவியும் உயிரொலிகளும் விலக்கு. பயிற்சிக்கு அவ்வளவு வேண்டாம், ப, ம, வ மூன்றை மட்டும் விலக்கி ஐந்து வாக்கியம் எழுதுங்கள். என்ன பறிபோகிறது பாருங்கள்: அம்மா, அப்பா, அவன், அவள், மழை, மனம், மௌனம், வானம், வாழ்க்கை, வலி. போனான், வந்தான் இரண்டும் போயின. சராசரிக் கதை ஒன்றின் முதல் பத்தியே காலி. மிஞ்சியதை வைத்து எழுதினால் இப்படி ஆகும்:

"கதிர் சாய்ந்த நேரத்தில் ஆச்சி திண்ணையில் தனியாக இருந்தாள். கையில் ஒரு சாக்கு. யாரிடத்தில் கேட்க? என்ன கேட்க? ஆடு கத்தியது."

வாக்கியம் குட்டையாகிறது, பொருள்கள் முன்னே வருகின்றன, தத்துவம் பேச வழியே இல்லை. பதினைந்து நிமிடத்துக்கு மேல் இதைச் செய்யாதீர்கள், தலை வலிக்கும். கிடைத்த பத்தியை அப்புறம் கட்டுப்பாடு இல்லாமல் திருத்தி எழுதலாம்.

அந்தாதி இதைவிட இலகு. ஒரு பத்தி எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லில் அடுத்த பத்தி தொடங்க வேண்டும், ஆனால் காலமோ இடமோ மாறியிருக்க வேண்டும். "சாவி" என்று முடித்து "சாவி" என்று தொடங்கும்போது இருபது வருடம் தாண்டலாம். காட்சியிலிருந்து காட்சிக்குத் தாவத் தெரியாமல் "பிறகு, பிறகு" என்று இழுக்கிறவர்களுக்கு நல்ல மருந்து.

கவிதை எழுதுகிறவர்களுக்கு?

ஒரு பொருள், பத்துக் கவிதை. சங்க நூலான ஐங்குறுநூறு முழுவதும் பத்துப் பத்தாகக் கட்டியதுதான். அதில் மருதத் திணையைப் பாடிய ஓரம்போகியார் நண்டை வைத்துப் பத்து, எருமையை வைத்துப் பத்து என்று பாடியிருக்கிறார். ஒவ்வொன்றும் மூன்றிலிருந்து ஆறு அடிக்குள். அந்த அளவையே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு ஒன்று, பத்து நாள், ஆறு அடிக்கு மிகாமல். பொருளாக வாளி, சைக்கிள், கேஸ் சிலிண்டர் எது வேண்டுமானாலும் இருக்கலாம். முதல் நான்கில் எல்லோரும் உவமை எழுதித் தீர்ப்பார்கள். ஐந்தாம் நாள் உவமை கைவசம் இருக்காது, வாளியைப் பார்க்க வேண்டிவரும்.

செய்தித்தாளிலிருந்து எடுக்கலாமா?

தலைப்புச் செய்தி வேண்டாம், அதை ஏற்கெனவே எல்லோரும் ஒரே மாதிரி நினைத்துவிட்டார்கள். வரி விளம்பரம், பெயர் மாற்ற அறிவிப்பு, "காணவில்லை", சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி ஆகியவற்றைப் பாருங்கள். பெயர் மாற்ற அறிவிப்பில் ஒரு மனிதர் நாலு வரியில் வேறு ஆளாகிறார். ஏன் என்று விளம்பரம் சொல்லாது. நீங்கள் ஒரு பக்கம் எழுதலாம். உண்மையான பெயர், ஊர், படம் எதையும் உங்கள் நோட்டுக்குள்கூடக் கொண்டுவராதீர்கள். முதலிலேயே மாற்றிவிட்டால் கற்பனை சுதந்திரமாக ஓடும், பிறகு யாருக்கும் மனவருத்தமும் வராது.

சின்ன வயது ஞாபகங்கள் மங்கலாக இருக்கின்றன. அவற்றை எப்படி எழுப்புவது?

எழுதாதீர்கள், வரையுங்கள். சின்ன வயதில் இருந்த வீட்டின் தரைப்படத்தை ஒரு தாளில் போடுங்கள். வாசல், திண்ணை, அடுப்படி, கிணறு, கக்கூஸ், யார் எங்கே படுத்தார்கள் என்பதெல்லாம் இருக்கட்டும். அளவு சரியாக வேண்டாம். பிறகு பத்து இடத்தில் எண் போடுங்கள்: போகப் பயந்த மூலை, காசு ஒளித்த இடம், அப்பா செருப்பு விடும் இடம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வாக்கியம், நிகழ்காலத்தில். "நின்றிருந்தாள்" என்பதைவிட "நிற்கிறாள்" ஞாபகத்தைப் பக்கத்தில் கொண்டுவரும். வரைந்துகொண்டிருக்கும்போது கை ஒரு இடத்தில் தயங்கினால் அங்கே ஒரு சிலுவைக் குறி போட்டுவையுங்கள். அதற்கு வேறு ஒரு நாள் முழுப் பயிற்சி நேரத்தையும் கொடுக்கலாம். எழுத எழுத உடம்பு பதறுகிற அளவுக்கு ஏதாவது வந்தால் மூடிவைத்துவிடுங்கள். இது எழுத்துப் பயிற்சிதான், மருத்துவம் இல்லை. தேவைப்பட்டால் நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள்.

பயிற்சியில் எழுதியது எப்போது, எப்படிக் கதையாகும்?

ஏழு நாள் எழுதுங்கள், எட்டாம் நாள் எழுத வேண்டாம். ஏழு பக்கத்தையும் சத்தமாகப் படியுங்கள். நாக்கு தடுமாறும் இடம் நடை கெட்ட இடம். குரல் தானாகத் தாழும் இடம் சரக்கு உள்ள இடம், அதைக் கோடிடுங்கள். ஏழு நாளில் இரண்டு வரி தேறினால் நல்ல வாரம்.

தேறிய வரியிடம் கேளுங்கள்: இது ஏன் இன்றைக்கு நடந்தது, நேற்று ஏன் நடக்கவில்லை? யாருக்கு இது தெரியக் கூடாது? இரண்டுக்கும் விடை கிடைத்தால் முதல் பிரதியைத் தொடங்கலாம். கிடைக்கவில்லை என்றால் வரியைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு அடுத்த வாரத்துக்குப் போங்கள். முதல் பிரதி எழுதி முடித்ததும் தொடக்கப் பத்தியை மூடிவைத்துவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து படித்துப் பாருங்கள். பல கதைகள் அங்கேதான் உண்மையில் தொடங்கியிருக்கும். முதல் பத்தி எழுதுகிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டது.

நண்பர்களோடு சேர்ந்து செய்யலாமா?

நான்கிலிருந்து ஆறு பேர் சரியான அளவு. அதற்கு மேல் போனால் எல்லோரும் படிக்க நேரம் இருக்காது. எல்லோருக்கும் ஒரே பயிற்சி, பதினைந்து நிமிடம், பிறகு ஆளுக்கு இரண்டு நிமிடம் வாசிப்பு. கேட்பவர்கள் "நல்லா இருக்கு", "நல்லா இல்ல" இரண்டும் சொல்லக் கூடாது. ஞாபகத்தில் நின்ற ஒரு பொருளை மட்டும் சொல்ல வேண்டும்: "அந்த ரெண்டு கவர்." எழுதியவருக்கு அதுவே போதும். குழுக்கள் உடைவது பெரும்பாலும் விமர்சனத்தால்தான், அதிலும் முதல் மாதத்திலேயே இலக்கணப் பிழை பார்க்கத் தொடங்குகிறவர் ஒருவர் இருந்தால் சீக்கிரம்.

நோட்டை வீட்டில் யாராவது படித்துவிட்டால்?

இந்தப் பயம் இருக்கும்வரை நிறுத்தாமல் எழுதும் பயிற்சி வேலை செய்யாது. கை தானாகத் தணிக்கை செய்யும். தனித் தாள்களில் எழுதுங்கள். எட்டாம் நாள் படித்துக் கோடிட்ட வரிகளை மட்டும் நோட்டில் பெயர்த்து எழுதிவிட்டு, தாள்களைக் கிழித்துவிடலாம். கிழிப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

எத்தனை நாளைக்குப் பயிற்சி? எப்போது நிறுத்துவது?

நாளுக்குப் பதினைந்து நிமிடமாவது, நான்கு வாரம் செய்து பாருங்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஆறு பயிற்சி செய்வதில் பயனில்லை. நடுவில் தூங்கி எழுவதும் பயிற்சியில் ஒரு பகுதி. புதுப் பயிற்சிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பது வேறொரு வியாதி. மேலே உள்ளவற்றில் உங்களுக்கு ஒத்துவரும் மூன்றைத் திரும்பத் திரும்பச் செய்தாலே ஒரு வருடம் ஓடும்.

பாத்திரம் தேய்க்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அந்தக் கண்டக்டரோ குடையோ திரும்பத் திரும்ப வந்து நின்றால், அன்றைக்குப் பயிற்சியை விட்டுவிட்டு அதை எழுதுங்கள். டப்பாவில் மிச்சமுள்ள சீட்டுகள் அப்படியே இருக்கும்.